சூரியனுக்கு ஒரு ஷாமியானா

மொட்டை மாடிக்கு ஏறிவந்த வேதவல்லி அப்படியே நின்றுவிட்டாள். சூரியத் தகடுகளின் தலைக்கு மேல், கல்யாண வீட்டுச் சிவப்பில் ஒரு ஷாமியானா விரிந்து கிடந்தது. அறுபது கிலோவாட் வர வேண்டிய உச்சி நேரத்தில் கைபேசி நாலு காட்டியது.

ஹைதராபாத் கச்சிபௌலியின் அந்த இருபது மாடிக் குடியிருப்புக்கு அவள்தான் மின்பொறுப்பாளர். லாலாகுடா ரயில்வே பட்டறைக் குடும்பத்துப் பெண். பகல் வெயிலை மின்கார்களுக்கும், சாயங்கால மின்வாரிய லைனை லிஃப்டுக்கும் ஏசிக்கும் பங்கு பிரிப்பது என்று எட்டு மாதம் சங்கக் கூட்டங்களில் வாதாடிக் கீழே பத்து சார்ஜர் போட வைத்திருந்தாள். "ஒரு தடவை கரண்ட் போனாலும் மொத்தத்தையும் கழட்டிடுவோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சங்கத்தார் சம்மதித்தார்கள். இன்று திறப்பு விழா. வெயில் கைகொடுக்காமல் பத்து காரும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறினால் லைன் தாங்காது. இன்றே கழற்ற வேண்டியதுதான்.

"இர்பான் பாய், இதை இங்க கட்டச் சொன்னது யாரு?"

ஷாமியானாக்காரர் இர்பானின் தமிழ் பாதி ஆம்பூர், பாதி சார்மினார். "பிரெசிடென்ட் சாப்தான். பெரிய ஆளுங்களுக்கு வெயில் நக்கோ, வேணாம்னாரு மேடம்."

சங்கத் தலைவர் சுதர்சன் பட்டு ஜிப்பாவில் வந்தார். பின்னால் பேனரில் அவர் முகம், அதற்குப் பக்கத்தில் சாத்துக்குடி அளவில் ஒரு சூரியன்.

"சார், பந்தலைப் பிரிக்கணும். வெயில் விழாம கரண்ட் வராது."

"அதெல்லாம் டெக்னிகல் மேட்டர்ம்மா, அப்புறம் பேசிக்கலாம். பன்னண்டு அஞ்சுக்கு அபிஜித் முகூர்த்தம். பத்து சார்ஜர் லைட்டும் ஒண்ணா எரியணும்."

வேதவல்லி பேனரைப் பார்த்தாள். போட்டோகிராபரைப் பார்த்தாள்.

"சரி சார். போட்டோல மட்டும் உங்க முகம் கொஞ்சம் பீட்ரூட் மாதிரி விழும். சிவப்புத் துணி பாருங்க."

சுதர்சன் கைபேசியைத் தூக்கித் தன்னைத் தானே ஒரு படம் எடுத்துப் பார்த்தார்.

"இர்பான்! எவன்யா இங்க துணி கட்டச் சொன்னது?"

"ஹவ் சாப், ஆமா, தப்புதான்" என்றார் இர்பான், முடிச்சை அவிழ்த்துக்கொண்டே.

துணி சரியச் சரியக் கைபேசியில் எண் ஏறியது. பதினொன்று. முப்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு. தலைமை விருந்தினர் பொத்தானை அமுக்கினார். கீழே பத்து பச்சை விளக்குகள் எரிந்தன. லைன் அசைந்து கொடுக்கவில்லை. லிஃப்டுகள் எப்போதும்போல் ஏறி இறங்கின.

"பாஸா மேடம்?"

"டிஸ்டிங்ஷன், பாய்."

சுதர்சன் மைக்கைப் பிடித்தார். "இது என்னோட பத்து வருஷக் கனவு…" தலைமை விருந்தினர் தண்ணீர்த் தொட்டியின் ஒரு முழ நிழலுக்கு நாற்காலியை நகர்த்தினார். முதல் வரிசை முழுக்கப் பின்னாலேயே போனது, போட்டோகிராபரும் போனார். பவுடர் வழிய, காலியான நாற்காலித் தடங்களைப் பார்த்துச் சூரியனின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார் சுதர்சன். தகடுகளுக்கு நடுவே, முந்தானையைக்கூடத் தலையில் இழுத்துக்கொள்ளாமல், சுள்ளென்ற வெயிலில் நின்றிருந்தாள் வேதவல்லி. கைபேசியில் அறுபத்தொன்று.