துடைக்கப்பட்ட அரை டாலர்

"காசை விளிம்புல பிடிக்கணும்னு உனக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தது?" என்று க்ரோவர் ஸ்டாலிங்ஸ் ஒருமுறை வில்டாவிடம் கேட்டார். ஒஹையோவில் ஒரு நாணயச் சந்தை. பள்ளிப் பேருந்து ஓட்டும் வில்டா ஒரு பழைய வெள்ளிக் காசை, அதன் முகத்தில் விரல் படாமல் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லித்தரவில்லை என்றாள். அன்றிலிருந்து கிழவர் அவளைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. நாணயச் சங்கத்தில் அவளைச் சேர்க்க அவரே முன்மொழிந்தார்.

சங்கம் மெதடிஸ்ட் தேவாலயத்தின் நிலவறையில் கூடும். கை தூக்கி ஓட்டுப்போட்டால்தான் புது ஆளுக்கு இடம். ஓட்டெடுப்பு நாளில் க்ரோவர் தன் அரை டாலரையும் கொண்டுவந்திருந்தார். 1847இல் அச்சானது, ஒருநாளும் கடைவீதி காணாதது. அதை அவர் அதன் கண்ணாடிக் கூட்டிலிருந்து வெளியே எடுத்து எவரும் பார்த்ததில்லை.

"முதல்ல வில்டா பாக்கட்டும்" என்றார்.

கூட்டை விட்டு எடுத்த காசு கையில் இருக்கும்போது அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு துளி எச்சில் தெறித்தால் வெள்ளியில் கறை விழும். தெறித்துவிட்டால் உடனே சொல்லிவிட வேண்டும், கழுவிக்கொள்ளலாம். துடைக்க மட்டும் கூடாது, கீறல் விழுந்துவிடும். துடைத்த காசு செத்த காசு.

வில்டா காசை விளக்கடியில் சாய்த்தாள். காசில் உட்கார்ந்திருந்த சுதந்திர தேவியைச் சுற்றி ஒளி சக்கரமாகச் சுழன்றது. ஓரமெல்லாம் மயில்கழுத்து நீலம், நடுவில் தேன் நிறம்.

"அடேங்கப்பா!" என்றாள், தன்னை மறந்து.

தேவியின் முழங்காலில் ஒரு துளி மின்னியது. அந்த நேரம் பார்த்துச் சுவர் ஓரத்து வெப்பக்குழாய் டமார் என்று அடித்தது. எல்லாரும் திரும்பினார்கள். வில்டாவின் சட்டைக் கைமுனை காசின் மேல் ஒரு இழுப்பு இழுத்தது. ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. விதியெல்லாம் தலைகீழாகத் தெரிந்தவள்.

காசை, பக்கத்து நாற்காலியில் இருந்த பழைய உறுப்பினர் ஆர்வில் பக்கம் நகர்த்தினாள். ஆர்வில் நடுங்கும் கைகளால் வாங்கிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, தலைவர் டூயியிடம் கொடுத்தார். டூயி லென்ஸைக் கண்ணில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"க்ரோவர், இதுல கீறல் இருக்கே. மயிர்மயிரா."

"என் காசுலயா? காலைல கூட பாத்தேனே!"

டூயி ஆர்விலைப் பார்த்தார். வாலிபத்தில் அப்பாவின் வெள்ளி டாலர்களைப் பற்பசை போட்டுத் தேய்த்தவர் ஆர்வில். நாற்பது வருஷமாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

"ஏம்பா, இதுக்கும் பல்லு வெளக்கி விட்டுட்டியா?"

யாரோ சிரித்தார்கள். க்ரோவர் சிரிக்கவில்லை.

தேள் கொட்டிய திருடனுக்கு வாய் ஏது? இப்போது சொல்லிவிடலாம், இதோ இப்போது என்று ஒவ்வொரு மூச்சிலும் வில்டா நினைத்தாள். மூச்சுகள் போய்க்கொண்டே இருந்தன.

ஆர்வில் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஒண்ணும் பண்ணலப்பா..." என்றவர் குரல் இறங்கியது. "ஆனா இந்தப் பாழாப்போன கை நான் சொல்றத எங்க கேக்குது? நானாத்தான் இருக்கும். மன்னிச்சிரு க்ரோவர்."

"விடு" என்றார் க்ரோவர். காசை மறுபடி பார்க்காமலே கூட்டில் போட்டு மூடினார்.

டூயி தொண்டையைச் செருமினார். "சரி, ஆக வேண்டியதப் பாப்போம். வில்டாவைச் சேத்துக்கலாம்ங்கறவங்க கை தூக்குங்க."

முதலில் உயர்ந்தது ஆர்விலின் கை. காற்றில் அது ஆடிக்கொண்டிருந்தது. "நம்ம கூட்டத்துல ஒழுங்கான கையா ஒண்ணாவது இருக்கட்டும்பா" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயோ, இறக்குங்க!" என்றாள் வில்டா. "நான்தான். எச்சில் தெறிச்சிருச்சு. சட்டையால துடைச்சது நான்தான். அவர் ஒண்ணும் பண்ணல."

உயரப்போன கைகள் பாதியில் நின்றன. க்ரோவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பவே சொல்லியிருக்கணும்..." என்று வில்டா தொடங்கினாள்.

ஆர்வில் கையை மெல்ல இறக்கினார். நாற்காலியின் முதுகில் கிடந்த கோட்டை எடுத்தார். கை நுழையும் இடம் கிடைக்காமல் தடுமாறினார். வில்டா உதவ எழுந்தாள். அவர் கோட்டை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு, அவளைத் தாண்டிப் படியேறிப் போனார்.