ஜன்னல் வைத்த உலை

உழவனின் வயற்கழிவிலிருந்து உலகுக்கே ஒளி பிறக்கும் பெருநாள் அன்று விடிந்தது. விடிந்ததும் விஞ்ஞானி உலைக் கதவில் ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னார்.

விஞ்ஞானி என்பது தொழிலாளர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவர் காதில் விழுந்தபோது பட்டம் என்றே எடுத்துக்கொண்டார். உலையை நிஜமாகக் கட்டியவன் அவர் மனைவியின் தம்பி, ஃபிட்டர். அக்கா வீட்டு மாடியறையில் குடியிருப்பு. அதை அத்தான் நாளுக்கு மூன்று முறை சொல்லிக்காட்டுவார். இன்று உலைக்கு அனுமதி தர வரும் அதிகாரி தலையாட்டாவிட்டால் வேலையும் இல்லை, அறையும் இல்லை என்று காலையிலேயே சொல்லியாயிற்று.

உமியையும் சோளத்தட்டையையும் உலையின் உருளையில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, வெளியிலிருந்து சூடேற்ற வேண்டும். எரியாமலே சிதைந்து வாயுவாகும். அதில் இன்ஜின் ஓடும், விளக்கெரியும். அவ்வளவுதான் சங்கதி.

"உள்ள காத்து போனா எல்லாம் பத்திக்கும், அத்தான்."

"நெருப்பே தெரியாத அடுப்பை எவன் நம்புவான்? நீ பார்த்தது நட்டு போல்ட்டு. நான் பார்த்தது ஏழு மாநாடு."

நரி இடம் போனாலென்ன, வலம் போனாலென்ன, மேலே விழாமல் இருந்தால் சரி என்று ஃபிட்டர் கதவை அறுத்து, கனத்த கண்ணாடி வைத்து, நாலு போல்ட்டில் இறுக்கினான்.

மதியம் விருந்தினர்கள் சூழ அதிகாரி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட அவர் பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். ஆனால் கண்ணாடி தார் படிந்து அட்டக்கரியாகியிருந்தது. விஞ்ஞானிக்கு அது பொறுக்கவில்லை. அதைக் கழற்றச் சொன்னார். ஃபிட்டர் கையைக் கட்டிக்கொண்டான். அவரே ஸ்பானரை எடுத்தார்.

மூன்றாவது போல்ட்டில் நெருப்பு ஆளுயரத்துக்கு வெளியே வந்தது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது; விளக்கு அணைந்தது. விஞ்ஞானியின் இடது புருவம் போயிருந்தது.

கண்ணாடியைச் சரியாகப் பொருத்தாதவன் மச்சான்தான் என்று அவர் அதிகாரியிடம் விளக்கினார்.

"ஸ்பானர் இன்னும் உங்க கையிலதான் இருக்கு," என்றான் ஃபிட்டர்.

அதிகாரி பேனாவை மூடிக்கொண்டு போனார். விஞ்ஞானி எல்லோர் முன்னாலும், பொழுது சாய்வதற்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். சோறு போட்ட கையைக் கடித்த நாய் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பெட்டியோடு இறங்கியவனை அக்கா படியிலேயே மறித்து, மேலே போகச் சொன்னாள். வீடு அவள் பேரில் இருந்தது.