தங்கச்சிக்கு வாங்கின கிராஃபிக்ஸ் கார்டு

"இது வேணாம்ணே. நம்ம பெட்டியில இருக்குற பவர் சப்ளை இதத் தாங்காது."

கம்ப்யூட்டர் கடையில நின்னு தங்கச்சி இத ரெண்டு தடவ சொல்லிட்டா. கடைக்காரர் அவ பக்கம் திரும்பவே இல்ல. மூணு ஃபேன் வச்ச பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ண அண்ணன் கையில கொடுத்து, "எட்டு ஜிபி சார். கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க"ன்னாரு.

அண்ணன் லாரி ஓட்டுறவன். கம்ப்யூட்டர்ல அவனுக்குத் தெரிஞ்சது ஸ்விட்ச் மட்டுந்தான். ஆனா கார்டு கையில நல்லா கனமா இருந்துச்சு. தங்கச்சிக்குப் பெருசா ஏதாவது செஞ்சுரணும்னு அவனுக்கு ரொம்ப நாள் ஆசை.

அவ வீடுகளோட உள் அலங்காரத்தக் கம்ப்யூட்டர்ல படமாக்குறவ. அது சீக்கிரம் ஓடத்தான் இந்தக் கார்டு. படுத்த படுக்கையா கிடக்குற அம்மாவ விட்டுட்டு வெளி வேலைக்குப் போக முடியாது. வீட்டுல இருந்தே செய்யலாம்னு இப்பத்தான் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கு. மறுநாள் மத்தியானத்துக்குள்ள மூணு ரூம் படத்த அனுப்பிட்டா வேலை அவளுக்கு.

"ஜிபிய மட்டும் பாத்தா பத்தாதுண்ணே. எவ்ளோ கரண்டு இழுக்குதுன்னும் பாக்கணும். இதவிடச் சின்னதே எனக்குப் போதும். இதுதான் வேணும்னா பவர் சப்ளையையும் சேத்து மாத்தணும்."

"நீ சும்மா இரு பாப்பா. இருபது வருஷமா கடை வச்சிருக்கவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!"

கடைக்காரர் சிரிச்சாரு. அண்ணனும் கூடவே சிரிச்சான். பழைய கார்ட எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிட்டு, கொண்டு வந்திருந்த பெட்டியில புதுச மாட்டி, பத்தாத ஒயருக்கு இன்னொரு ஒயர ஒட்டுப்போட்டுக் கொடுத்தாரு.

வீட்டுல ஸ்க்ரீன் பளிச்சுனு வந்துச்சு. "பாத்தியா?"ன்னு அண்ணனுக்கு ஒரே பெருமை.

முதல் ரூம் படத்தக் கம்ப்யூட்டர் உருவாக்கட்டும்னு அவ ஓட விட்டா. அஞ்சே நிமிஷத்துல கரண்டு பத்தாம பெட்டி படக்குனு அணைஞ்சு போச்சு. திரும்பப் போட்டா, திரும்ப அணைஞ்சுச்சு. கடைக்கு ஓடுனா ஷட்டர் போட்டாச்சு, மறுநாள் மத்தியானத்துக்கு மேலதான் திறப்பாங்களாம். பழைய கார்டு மெதுவாத்தான் ஓடும், ஆனா விடியுறதுக்குள்ள மூணையும் முடிச்சிருக்கும். படத்தச் சின்னதாக்கி, அணைய அணையப் போட்டு, மறுநாள் மத்தியானம் வரைக்கும் போராடி ஒரே ஒரு ரூமத்தான் அனுப்ப முடிஞ்சுது.

ரெண்டு மணிக்குப் பதில் வந்துச்சு. வேற ஒருத்தரை எடுத்துட்டாங்களாம்.

அண்ணன் ஆத்திரமா கடைக்குப் போனான். கடைக்காரர் அலட்டிக்கவே இல்ல. "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு சார். நீங்க ஒண்ணும் கேக்கல, விட்டுட்டேன்."

"என் தங்கச்சி சொன்னாளேய்யா!"

"நீங்களே சும்மா இருன்னுட்டீங்க. அப்புறம் நான் எதுக்கு சார் காதுல வாங்கணும்?"

அண்ணன் வந்த வழியே திரும்புனான்.

வீட்டுக்கு வந்தப்போ அவ அம்மாவ ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகத் துடைச்சுக்கிட்டு இருந்தா. அழுது முடிச்ச முகம்.

"பாப்பா, அந்த ஆள் உன்ன மதிக்காததுக்கு நாந்தான் வழி காட்டிருக்கேன். வேலை தெரிஞ்சவ நீ. பொம்பளப் புள்ளதானேன்னு உன் வாய அடைச்சுட்டு உனக்கே நல்லது பண்ணக் கிளம்பிட்டேன். இனிமே எந்த வீட்டுலயும் எவனும் இந்தத் தப்பப் பண்ணக் கூடாது. யாருக்காக வாங்குறோமோ, அவங்க சொல்றத முதல்ல கேக்கணும்."

அவ நிமிர்ந்து பாக்கல. துணியப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னா:

"பாசமெல்லாம் நீ நிறையத்தான் வச்சிருக்கண்ணே. நான் சொன்னா சரியா இருக்கும்னு ஒரு நம்பிக்கை வச்சிருந்தா, இன்னைக்கு எனக்கு வேலை இருந்திருக்கும்."