சிவப்புச் சட்டை யார் நாற்காலியில்?

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. குழுவாக மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் அழிக்காமல் இருப்பது எப்படி என்று கல்லூரி ஆண்டு மலருக்கு நான்கு பக்கம் கேட்டிருந்தார்கள். எழுதுகிறவன் முதல் பக்கத்தை எழுதி, தானே படித்து, தானே தூங்கிப்போனான்.

விழித்த பிறகு அருள்புரத்துக்குப் போனான். பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டின் மாடியில் மூன்று பேர் வேலை செய்யும் சாஃப்ட்வேர் அலுவலகம். ஒரு நாற்காலியின் முதுகில் குழந்தை அளவில் சிவப்புச் சட்டை தொங்கியது. மூவருக்கும் குழந்தை இல்லை. அது ஏன் அங்கே தொங்குகிறது என்று கேட்டதிலிருந்துதான் இது வந்தது.

ஒரு நிபந்தனையோடு சொன்னார்கள். கதை அவர்களுடைய கம்ப்யூட்டரில்தான் இருக்கும். மூவரும் அதைத் திருத்துவார்கள். திருத்தங்களைச் சதுர அடைப்புக்குள் காணலாம். எழுதுகிறவன் அவற்றை அழித்துப் பார்த்தான். மறுநாள் எல்லாம் திரும்ப வந்திருந்தன. அந்த மாதிரி சாஃப்ட்வேர் அது.

2

முதல் தொடக்கம்: மழை மாலையில் ஜன்னலோரம் நின்ற அன்புசெல்வியின் கண்களில்—

[ஜன்னலே இல்லீங்க. எக்ஸாஸ்ட் ஃபேன்தான். – அன்புசெல்வி]

இரண்டாம் தொடக்கம்: தகவல் தொழில்நுட்பப் புரட்சி உலகையே உலுக்கிய 2005-ஆம் ஆண்டில்—

(இது அந்தக் கட்டுரை. எழுந்து வந்துவிட்டது போலிருக்கிறது.)

மூன்றாம் தொடக்கம்: அன்புசெல்விக்கு வேலை போய்விடும் போலிருந்தது.

இருக்கட்டும். இதற்கு யாரும் அடைப்பு போடவில்லை.

3

அன்புசெல்வி அங்கே கடைசியாகச் சேர்ந்தவள். அவளுக்கு முன்னால் கோவில்பட்டிப் பக்கத்து முனீஸ். அவனுக்கும் முன்னால், அலுவலகத்தைத் தொடங்கிய டேனியல். அவர்களுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு புரோகிராம். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் அட்டைப்பெட்டிகளில் சைஸ், நிறம், போகும் ஊர் எல்லாம் போட்டு ஒட்டுகிற ஸ்டிக்கரை அது அச்சடிக்கும்.

மூவரிடமும் அந்தப் புரோகிராமின் காப்பி இருந்தது. ஒருநாள் முனீஸ் சைஸைச் சரிசெய்து பொது ஃபோல்டரில் போட்டான். டேனியல் தன் பழைய காப்பியில் நிறத்தைச் சரிசெய்து, அதன் தலையிலேயே போட்டார். நிறம் சரியானது. முனீஸின் சைஸ் காணாமல் போனது. கைக்குழந்தைச் சட்டைகள், ஆறடி ஆண்களுக்கான ஸ்டிக்கரோடு லாரி ஏறின.

பேக்கிங் மேனேஜர் பொன்னுச்சாமி படியேறி வந்து, உட்காராமலே சொன்னார்.

"இன்னொருக்கா இப்புடி ஆச்சுன்னா உங்க கம்ப்யூட்டர நீங்களே எடுத்துக்கங்க சாமி. நாங்க மார்க்கர்ல எழுதிக்கறோம்."

அவர் போனால் மூன்று சம்பளம் கிடையாது. முதலில் இறங்க வேண்டியவள் கடைசியில் ஏறியவள். பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் அவள் அம்மா மயிலாத்தாள் வேறு அதற்குத் தயாராக இருந்தாள்.

"நம்ம கம்பெனில செக்கிங் டேபிள்ல ஒரு எடம் சொல்லி வெச்சிருக்கறேன் கண்ணு. எம்பக்கத்துலயே. ஃபேனுக்கு அடீல."

அன்புசெல்விக்கு அம்மாவைப் பிடிக்கும். அந்த ஃபேனைத்தான் பிடிக்காது.

4

சட்டை அவள் யோசனை. காலர் கோணல் என்று வாங்குகிறவர் ஒதுக்கிய சாம்பிள் அது. சட்டை யார் நாற்காலியில் தொங்குகிறதோ, அவர் மட்டுமே புரோகிராமைத் தொடலாம். வேலை முடியாமல் கழற்றக் கூடாது. மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.*

டேனியல் சிரித்தார். இரண்டு நாளில் சட்டையைக் கேட்டு முனீஸிடம் கெஞ்சினார்.

[கெஞ்சவில்லை. கேட்டேன். – டேனியல்]

[மூணு தடவை. – முனீஸ்]

அவள் இன்னொன்றும் செய்தாள். பொன்னுச்சாமிக்குப் புரோகிராம் கொடுக்கும்போதெல்லாம் அதையே ஒரு சி.டி.யில் ஏற்றி, பாலிபேக்கில் போட்டு, டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்துப் போட்டு வைத்தாள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஒப்புதலான சாம்பிளைச் சீல் வைத்து இப்படித்தான் வைப்பார்கள். பிறகு எத்தனை ஆயிரம் உருப்படி தைத்தாலும் சந்தேகம் வந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

"சி.டி. என்ன மரத்துலயா காய்க்குது?" என்றார் டேனியல்.

* கட்டுரையில் இந்த இடத்தில் 'லாக்' என்று ஒரு பத்தி வரும். உங்களுக்குச் சட்டையே போதும்.

5

கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. எழுதுகிறவன் தேடிப் பார்த்தான். கிடைத்ததெல்லாம் ஒழுங்கு தவறாத முனீஸ்தான்.

முனீஸ் ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தான். காலையில் பொன்னுச்சாமியின் போன்: கப்பலில் சரக்கு இறங்கும் ஊர் மாறிவிட்டது, சாயங்காலம் கண்டெய்னர் கிளம்புகிறது, மதியத்துக்குள் புதிய ஸ்டிக்கர் வேண்டும். அன்புசெல்வி சட்டையை எடுக்கப் போனாள். எந்த நாற்காலியிலும் இல்லை. முனீஸுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் மேளம்.

"முனீசண்ணா, சட்டை எங்கீங்க?"

"எங்கிட்டதான் இருக்கு."

"கோயிலுக்கா கொண்டு போயிட்டீங்க?"

"வேலை பாதியில நிக்குல்லா? முடியாமக் கழட்டக் கூடாதுன்னு நீதான சொன்ன. அதான் பையில வச்சுக் கொண்டாந்துட்டேன்."

"சாமிக்குச் சாத்திப் போடாதீங்கண்ணா!"

"என்னது? கேக்கலயே, கொட்டு அடிக்காங்க..."

அதோடு டவர் போய்விட்டது.

"சட்டை கெடக்குது உடு. அவனோடதத் தொறந்து ஊர மாத்திக் குடுத்துடு" என்றார் டேனியல்.

திறந்தாள். முனீஸ் சைஸ் பகுதியைப் பாதி பிரித்துப் போட்டிருந்தான். அப்படியே அனுப்பினால் மறுபடியும் சைஸ் மாறும். அவசரத்துக்கு ஒட்டுப்போட்டால் அவனுடைய ஒரு வார வேலை போகும்.

"தனித்தனியாச் சாயம் போட்ட ரெண்டு லாட்டுத் துணிய ஒரே சட்டைக்கு வெட்டுவாங்களா அண்ணா? உடம்பு ஒரு செவப்பு, கை ஒரு செவப்பா இருக்கும்."

"அப்பறம் என்னதாம்மா பண்றது? அந்தாளு மார்க்கர எடுத்துருவாரு!"

[நான் கத்தவில்லை. நிட்டிங் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசினேன். – டேனியல்]

அவள் அலமாரியைத் திறந்து கடைசிப் பாலிபேக்கின் டேப்பைக் கிழித்தாள். சரியாக ஓடுகிறது என்று பொன்னுச்சாமியே ஒத்துக்கொண்ட புரோகிராம் அதிலிருந்தது. அதைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு, ஊரின் பெயரை மட்டும் மாற்றினாள். முனீஸுடையதைத் தொடவே இல்லை.

கண்டெய்னர் கிளம்பிய பிறகு பொன்னுச்சாமி கூப்பிட்டார். "என்னுங்க, இன்னிக்கு ஒரு தப்பும் காணோம்?" குரலில் லேசான ஏமாற்றம். அவர் பாராட்டினால் அப்படித்தான் இருக்கும்.

6

முனீஸ் கடலை மிட்டாயோடும் சட்டையோடும் திரும்பினான். நடந்ததைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. தன் கோப்பைத் திறந்து பார்த்தான். பாதியில் விட்டது பாதியிலேயே இருந்தது.

"ஒண்ணையும் தொடலயா செல்வி?"

"இல்லீங்கண்ணா. சட்டை உங்ககிட்ட இருந்துச்சே."

மீதி வேலையை முடித்த பிறகுதான் சட்டையை எடுத்து அவள் நாற்காலியில் மாட்டினான். பிறகு மூவரும் இரண்டு புரோகிராமையும் வரிவரியாகப் பார்த்து ஒன்றாக்கினார்கள். மிட்டாய் தீர்வதற்குள் முடிந்தது.

அந்த வாரமே டேனியல் சப்வெர்ஷன் என்ற இலவச சாஃப்ட்வேரைக் கொண்டுவந்து போட்டார். அது எல்லோரையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய விடும், பழையது எதையும் தொலைக்காது, எல்லார் மாற்றத்தையும் தானே சேர்க்கும். ஒரே வரியில் இருவர் கைவைத்தால் மட்டும் நின்றுவிடும்: மனிதர் யாராவது வந்து தீர்த்து வையுங்கள் என்று. தீர்த்து வைக்கிறவர் நாற்காலிக்குச் சட்டை போகும். வேறெதற்கும் இப்போது அது தேவையில்லை.

செக்கிங் டேபிளில் ஃபேனுக்கு அடியில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்களாம்.

[அம்மாவுக்கு இன்னும் வருத்தந்தான். ஆனா எல்லார்கிட்டயும் எம்பேச்சாத்தான் பேசறாங்களாம். – அன்புசெல்வி]

7

முடிவாக எழுதுகிறவன் ஒரு விருது விழாவை வைத்திருந்தான். டேனியல் அதை நீக்கிவிட்டார். சரி, ஒரே வரியில் முடிக்கலாம் என்று, "அன்று அந்த வேலையைக் காப்பாற்றியது..." என்று பாதியில் விட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது சாஃப்ட்வேர் நின்றுபோயிருந்தது:

««««« முனீஸ்
அன்று அந்த வேலையைக் காப்பாற்றியது அன்புசெல்வி. சீல் வச்ச சி.டி. இல்லேன்னா நான் திரும்பி வர இந்த ஆபீசே இருந்திருக்காது.
=====
அன்று அந்த வேலையைக் காப்பாற்றியது முனீசண்ணன். கோயில் வரைக்கும் சட்டையக் கொண்டு போனாரு பாருங்க, அவரு அப்படி மதிச்சதாலதான் எனக்கும் அதத் தொட மனசு வரல.
»»»»» அன்புசெல்வி

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். டேனியல் இரண்டும் சரி என்கிறார். ஒரு வரிக்குத்தான் இடம் என்கிறது சாஃப்ட்வேர். எழுதுகிறவனுக்கு மூவருமே டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அவன் நடுநிலை கெட்டவன்.

எனவே தீர்த்து வைக்கச் சட்டை உங்கள் நாற்காலிக்கு வருகிறது. துவைத்துத்தான் அனுப்பியிருக்கிறோம். காலர் அப்படித்தான் இருக்கும். நீங்கள் அதைக் கழற்றுகிறவரை எங்களில் ஒருவரும் இந்தக் கதையைத் தொட மாட்டோம்.