திரும்பணுமாம்

என் அக்காவுக்கு நான் வைத்த பெயர் வில்லி. கையில் எப்போதும் வயலின் வில் இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அவள் எனக்கு வைத்த பெயர் கட்டை. பியானோவில் இருப்பதும் கட்டை, உயரமும் கட்டை, மூளையும் அதே என்பாள்.

இப்போது வில்லி எதிர்க்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். மணி ஒன்றரை. இன்று நடந்ததை எங்காவது எழுதிவைக்காவிட்டால் காலைக்குள் வெடித்துவிடுவேன்.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இது கடைசி வருடம். கடைசித் தேர்வு என்றால் ஒரு முழுக் கச்சேரி. ஐம்பது நிமிடம், பியானோ துணையோடு, மூன்று தேர்வாளர்கள் முன்னால். தேறினால் அடுத்த மாதமே இசைக்குழுவில் வேலை. அந்த நியமனக் கடிதத்தை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். தேறாவிட்டால் சட்டம் மட்டும்தான் மிஞ்சும். துறையில் கொடுத்த பியானோக்காரர்கள் இரண்டு பேர் அவள் வாய்க்குப் பயந்து ஓடிவிட்டார்கள். மூன்றாவதாக மாட்டியது நான். பதினேழு வயது, பள்ளிக்கூடமே முடியவில்லை, ஓடவும் முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே அறை.

ஆறு நாளைக்கு முன்னால் ஒத்திகையில் சண்டை.

“நீ வாசிக்கிறியா, துணி துவைக்கிறியா?”

“முதல்ல உன் வில்லுக்கு எண்ணெய் போடு. கதவுக் கீல் மாதிரி கத்துது.”

பியானோ மூடியைப் படாரென்று சாத்தினாள். விரலை இழுத்துக்கொண்டேன், இல்லையென்றால் நசுங்கியிருக்கும். அன்றோடு பேச்சு நின்றது. ஒத்திகை நிற்கவில்லை. அவள் வில்லால் நோட்டுத் தாங்கியைத் தட்டுவாள், நான் ஆரம்பிப்பேன். மற்றதெல்லாம் அம்மா வழியாக.

“அவளை மெதுவா வாசிக்கச் சொல்லும்மா.”

“அவளைக் காதைக் கழுவச் சொல்லும்மா.”

அம்மா கரண்டியோடு நடுவில் நின்று, “நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?” என்று கத்துவாள். ஆனாலும் தபாலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

இன்று காலை, தேர்வுக்குக் கிளம்பும் முன்னால், அக்காவின் பேராசிரியர் போன் செய்தார். நிகழ்ச்சி நாற்பத்தேழு நிமிடம்தான் வருகிறது, மூன்று நிமிடம் குறைகிறது என்றார். அதற்கு வழி இருந்தது. முதல் பகுதியின் நடுவில், நோட்டில் ஒரு தடித்த கோடும் இரண்டு புள்ளியும் உண்டு. அங்கிருந்து ஆரம்பத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வாசிக்கலாம் என்று அர்த்தம். ஒத்திகையில் நாங்கள் திரும்பாமல் நேரே போய்விடுவோம்.

நான் குளித்துக்கொண்டிருந்தேன். அம்மா கதவைத் தட்டினாள்.

“அடியே, அக்கா சொல்லச் சொன்னா. முதல்ல வாசிக்கிறதுல ரெண்டு புள்ளி வர்ற இடத்துல திரும்பணுமாம். புரியுதா? எனக்கு ஒரு எழவும் புரியல.”

“ம்.”

எனக்குப் புரிந்தது. திரும்புவதென்றால் நான் மூன்று தாளைப் பின்னால் புரட்ட வேண்டும், அதற்கு ஒரு கை ஒரு தாளத்தட்டு நேரம் மட்டும்தான் சும்மா இருக்கும். அதனால் முதல் தாளின் கீழ் முனையை மடித்துவைத்தேன், தடவினால் கையில் சிக்கும்படி. சத்தியமாகத் திரும்பத்தான் நினைத்தேன்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சுவரில் இன்றைய நிகழ்ச்சித் தாள் ஒட்டியிருந்தது. அக்காவின் பெயர் கொட்டை எழுத்தில். என் பெயரைத் தேடினேன், எங்கேயும் இல்லை. அவளோடு படிக்கிறவள் ஒருத்தி எட்டிப் பார்த்து, “பியானோ யாருடி?” என்று கேட்டாள்.

அக்கா வில்லை முறுக்கிக்கொண்டே சொன்னாள். “யாரோ கிடைச்சாங்க. பக்கவாத்தியம்தானே? பக்கத்துல உக்காந்தா போதும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன்.

மேடையில் முதல் மூன்று நிமிடம் நன்றாகப் போனது. அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தடித்த கோடு வந்தது. என் இடது கை தாளின் முனைக்குப் போய்விட்டது, மடிப்பு விரலில் தட்டுப்பட்டது. யாரோ கிடைச்சாங்க. கையைக் கட்டைக்கே கொண்டுவந்து நேரே வாசித்தேன்.

அவள் ஆரம்பத்துக்குப் போய்விட்டாள், நான் அடுத்த பக்கத்தில். நான்கைந்து வினாடி இருக்கும். இரண்டு வானொலி ஒரே நேரத்தில் அலறுகிற மாதிரி இருந்தது. அக்காவின் வில் இறங்கியது. மூன்று தேர்வாளர்களும் ஒரே சமயத்தில் எழுதினார்கள்.

மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை திரும்பினேன். ஆனால் அவளுக்குப் பழைய பிடி வரவில்லை. வில் தந்தியில் தத்தித் தத்திப் போனது.

முடிந்ததும் நடுவில் இருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். “முதல் பகுதியை நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மறுபடி கேக்குறோம். அதுலயும் இப்படின்னா அடுத்த வருஷம்தான்மா.”

வெளியே நடைபாதையில் அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. நேரே அம்மாவிடம் போனாள்.

“அவகிட்ட என்னம்மா சொன்ன?”

“திரும்பணும்னுதான்...”

“இல்ல,” என்றேன். என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது. “திரும்ப வேணாமாம்னு சொன்ன. பாத்ரூம் கதவுல நின்னுக்கிட்டு.”

அம்மா என்னையே பார்த்தாள். “அப்படியா சொன்னேன்?” நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “எனக்கு இந்தப் புள்ளி, கோடெல்லாம் என்ன தெரியும்? சொல்லியிருப்பேன் போல.”

“உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்,” என்றாள் அக்கா, போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. “இனிமே என் விஷயத்துல வாயைத் திறக்காத.”

அம்மா திறக்கவில்லை. வீடு வரும் வரை திறக்கவில்லை. அப்பா இரண்டு தடவை என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். சாப்பாட்டை எங்களுக்குப் போட்டுவிட்டு, கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடி கழுவினாள்.

அப்போதுதான் மடிப்பு ஞாபகம் வந்தது. நோட்டு அக்காவின் பையில், பை அவள் கட்டிலுக்கு அடியில். விளக்கை அணைத்து நெடுநேரம் கழித்துத் தவழ்ந்துபோய் ஜிப்பை இழுத்தேன்.

“கீழ மடிச்சிருக்கே, அதையா தேடுற?”

ஆறு நாளில் அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான். கையைப் பையிலிருந்து இழுத்துக்கொண்டேன்.

“வந்த உடனே பாத்துட்டேன். திரும்ப வேணாம்னு காதுல விழுந்தவ, எதுக்குடி முனையை மடிப்பா?”

“அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னா நீ அழுவ. அழுதா கண்ணு வீங்கும், நோட்டு தெரியாது. நாளைக்குக் காலையில நீ எனக்கு வேணும். ஒரு ராத்திரியில வேற ஆள் கிடைக்காது.”

“அம்மா பாவம்...”

“அது உனக்கு நடைபாதையில தோணியிருக்கணும்.” குரலை உயர்த்தவே இல்லை அவள். உயர்த்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. “கேட்டுக்கோ. இந்தத் தடவை என் வாயாலேயே சொல்றேன். ரெண்டு புள்ளியில திரும்பணும்.”

“ம்.”

“ம் எல்லாம் வேணாம். சொல்லு.”

“திரும்பணும்.”

“வாசிச்சு முடிச்சு வெளிய வந்ததும் அம்மாகிட்ட நீயே சொல்ற. ஒரு வார்த்தை விடாம. நான் பக்கத்துலயே நிப்பேன்.” சுவர் பக்கம் புரண்டாள். “பக்கவாத்தியம்.”

அதற்குப் பிறகு அவள் அசையவில்லை. தூங்குகிறாளா என்று தெரியவில்லை, கேட்கவும் தைரியமில்லை.

அடுக்களையில் இன்னும் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது. அம்மாவும் தூங்கவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். அம்மா, நீ சரியாத்தான் சொன்ன. ‘அம்மா’வைத் தாண்டி அடுத்த வார்த்தைக்குப் போக முடியவில்லை. மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.