ரோல்ஸ் வரி

சுவிஸின் துன் நகரத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் 1994இல் தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து ஒரே தலைவர்தான். பெயர் இராஜசிங்கம். அப்பாவின் அக்காவுடைய கணவர், எனக்கு மாமா. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் முறையாக நடக்கும். மாமா எழுந்து, "ஆராவது போட்டியிடுறியளோ?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே ஒவ்வொருவருடைய முகத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார். அத்துடன் தேர்தல் முடிந்துவிடும்.

சங்கம் ஓடுவது ரோல்ஸில். பொங்கலோ, வாணிவிழாவோ, விளையாட்டுப் போட்டியோ, ஒவ்வொரு குடும்பமும், இறைச்சிக் கறியை ரொட்டியில் சுற்றிப் பொரித்த மட்டன் ரோல்ஸ் நூறு கொண்டுவர வேண்டும். அவற்றை விற்றுத்தான் மண்டப வாடகை. சங்கத்தின் ஏட்டில் இதற்குப் பெயர் பங்களிப்பு. நான் பேர்ன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். அங்கே இதற்குப் பெயர் வரி.

குடும்பம் என்றால் அம்மா. என் அப்பா குலேந்திரன் இத்தாலிய உணவகத்தில் சமையல்காரர், ஆகவே வீட்டில் சமைப்பதில்லை. வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அம்மா சஜீதா ஏரிக்கரை ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்கிறார். அதே கொள்கை அவருக்குப் பொருந்தாது என்று எப்போதோ முடிவாகியிருந்தது. யார் முடிவெடுத்தார்கள் என்பதற்கு ஆவணம் இல்லை.

போன பெப்ரவரியில் அம்மாவின் வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நரம்பு நெரிபட்டிருந்ததாம். மணிக்கட்டைச் சுழற்றும் வேலை இனிக் கூடாது, மறுபடி நெரிந்தால் விரல்களில் உணர்வு திரும்பாமலே போகலாம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். ஹோட்டல்காரர்கள் அந்தக் கடிதத்தைப் பார்த்து அரை மணித்தியாலத்தில் வேறு வேலைக்கு ஒழுங்கு செய்தார்கள். அம்மா சங்கத்துக்கும், அதாவது மாமாவுக்கு, தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, இனி ரோல்ஸிலையிருந்து என்னை விட்டுவிடுங்கோ. கையிலை ஒப்பரேசன்."

"எந்தக் கை தங்கச்சி?"

"வலது."

"இடது இருக்கெல்லோ."

ஒருவருக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேண்டி வரும் என்றார் மாமா. அதோடு நிற்கவில்லை. கோடை விழா பெரிதாக நடக்கப்போவதால் குடும்பத்துக்கு இருநூறு ரோல்ஸ் என்று ஒரு பிரேரணை வைத்திருப்பதாகவும், வருகிற பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு என்றும் சொன்னார்.

வாக்கு என்றால், குடும்பத்துக்கு ஒன்று. அதைக் குடும்பத் தலைவர் போடுவார். அம்மாவிடம் சி பெர்மிட் இருக்கிறது, அதாவது நிரந்தர வதிவிட அனுமதி, குடியுரிமை அல்ல. சுவிஸுக்கு வரி கட்டுகிறார், வாக்கு இல்லை. சங்கத்துக்கு ரோல்ஸ் கட்டுகிறார், வாக்கு இல்லை. வாழ்நாளில் அவர் வாக்களித்தது தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றுக்கு மட்டும்தான். அந்தப் பிள்ளையும் தோற்றுவிட்டது.

முன்னொரு காலத்தில் அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள், எங்களுக்குப் பிரதிநிதி இல்லாமல் வரி எதற்கு என்று லண்டனைக் கேட்டார்கள். நீங்கள் வாக்குப் போடாவிட்டால் என்ன, பாராளுமன்றம் உங்களையும் மனதில் வைத்துத்தானே முடிவெடுக்கிறது என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பாராளுமன்றம் சோபாவில் படுத்திருந்தது.

"இஞ்சேருங்கோ, இருநூறுக்கு நீங்கள் கையைத் தூக்காதேங்கோ," என்றார் அம்மா.

"எப்பிடித் தூக்காம இருக்கிறது? அத்தான் பாத்துக்கொண்டிருப்பார்."

"என்ரை கையைப் பாருங்கோ."

"பாத்தனான். பாவம்தான்," என்றார் அப்பா, உண்மையாகவே வருந்தி. "அத்தான்ரை முகத்தையும் ஒருக்கா நினைச்சுப் பாரும்."

பெண்களுக்குச் சங்கத்தில் உரிமையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சங்கத்தின் விதிகளான யாப்பை ஜெர்மனிலிருந்து மாமாதான் தமிழாக்கியிருந்தார். அதில் ஆறாம் பிரிவு இப்படி இருக்கிறது: 'ஒவ்வொரு அங்கத்தவருக்கும் ஒரு குரல் உண்டு.' ஆகவே கூட்டத்தின் கடைசியில் பெண்களுக்கு "குரல் நேரம்" கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம். அப்போது ஆண்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள்.

அந்தக் கிழமை நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. மண்டபத்தைக் குறைந்த விலையில், கழிவு வாடகைக்குத் தொடர்ந்து தரவேண்டுமானால் சங்கத்தின் ஜெர்மன் யாப்பைப் புதிதாக அனுப்ப வேண்டும். மாமா பழைய கோப்பை என்னிடம் தந்து, "அபிசன், இதை வடிவா டைப் பண்ணித் தா. ஒண்டும் மாத்தாதை," என்றார்.

ஒன்றும் மாற்றவில்லை. வாசித்தேன், அவ்வளவுதான்.

மாமா 1994இல் ஒரு பண்ணையில் வேலை செய்திருக்கிறார். பண்ணைக்காரர் ஆடு வளர்ப்போர் சங்கமொன்றில் இருந்தவர். எங்கள் யாப்பு அந்தச் சங்கத்தின் யாப்பு. பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒன்பதாம் பிரிவின்படி எங்கள் அங்கத்தவர் ஒவ்வொருவரும் வருடாந்தக் கண்காட்சிக்கு இரண்டு கிடாய்கள் கொண்டுவரலாம். நான்காம் பிரிவின்படி பதினெட்டு வயது வந்த எல்லாரும் அங்கத்தவர்கள். 'குடும்பத் தலைவர்' எங்கேயும் இல்லை. கிடாய் இருக்கிறது, குடும்பத் தலைவர் இல்லை. ஆறாம் பிரிவில், ஒவ்வொரு அங்கத்தவருக்கும் ஒரு 'ஸ்டிம்ம' என்றிருந்தது.

ஜெர்மனில் ஸ்டிம்ம என்றால் குரல். வாக்கு என்றாலும் ஸ்டிம்மதான். மாமா அகராதியில் முதல் அர்த்தத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

"அப்ப முப்பது வருசமா எங்களுக்கு ஓட்டு இருந்ததோ?"

"ஓம்."

அப்பா இருந்த அறைப்பக்கம் எட்டிப் பார்த்து, "கொப்பருக்குச் சொன்னனியோ?" என்றார்.

"இல்லை."

"சொல்லாதை."

உடனே தில்லைநாயகி அன்ரியை அழைத்தார். அன்ரி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். துன்னில் அவருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்ததற்குச் சமம், வாயை மூடச் சொன்னாலொழிய. அம்மா வாயை மூடச் சொன்னார். பெண்களுக்கு மட்டும் சொல்லச் சொன்னார்.

அமெரிக்காவில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டித்தான் தொடங்கினார்கள், நாங்கள் ரோல்ஸை துன் ஏரியில் கொட்டலாம் என்று நான் ஆலோசனை சொன்னேன்.

"ஏரியிலை கொட்டினா ஃபைன் வரும்," என்றார் அன்ரி. "மட்டன் என்ன விலை விக்குதெண்டு தெரியுமோ உனக்கு? படிச்ச பிள்ளை மாதிரிக் கதை."

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். என்னைத் தவிர ஆண்கள் இருபத்திரண்டு பேர் முன்னுக்கு, பெண்கள் இருபத்தாறு பேர் பின்னுக்கு. மாமா வாக்கெடுப்பு என்றதும் நான் எழுந்து ஆறாம் பிரிவை ஜெர்மனில் வாசித்து, அர்த்தமும் சொன்னேன்.

"அது மொழிபெயர்ப்புப் பிழை," என்றார் மாமா. "பிழையெண்டாலும் முப்பது வருசம் இருந்திட்டுதெண்டா அது மரபு."

"மாமா, இந்த நாட்டுப் பொம்பிளையளுக்கும் ஓட்டு இருக்கு."

"இருக்கு. எப்ப குடுத்தவன்? எழுபத்தொண்டிலை. சுவிஸ்காரன் எழுநூறு வருசம் யோசிச்சுக் குடுத்தவன் தம்பி. நாங்கள் இப்பதானே முப்பது. என்ன அவசரம்?"

நகரசபைக்குப் போகப்போவது ஜெர்மன் யாப்புத்தான், அதன்படி நடக்காவிட்டால் கழிவு வாடகை போய்விடும் என்றேன். மாமா கூரையைப் பார்த்தார். முழு வாடகையை ரோல்ஸாக மாற்றிப் பார்த்திருப்பார்.

"சரி. கையைத் தூக்குங்கோ பாப்பம். இருநூறுக்கு ஆதரவு?"

இருபத்திரண்டு கைகள். அப்பாவுடையதும்.

"எதிர்?"

முதலில் அம்மாவின் கை எழுந்தது. வலது கை, மணிக்கட்டுப் பட்டியோடு.

முன்வரிசையில் ஒருவர் கேட்டார், "கட்டுப்போட்ட கை செல்லுமோ?"

"உங்கட தலை செல்லுதெல்லோ," என்றார் தில்லைநாயகி அன்ரி.

அப்பா திரும்பிப் பார்த்தார். "சஜீ, நான் இஞ்சை இருக்கிறன்."

"தெரியும்," என்றார் அம்மா. கை இறங்கவில்லை.

பிறகு பின்வரிசைகள் முழுவதும் எழுந்தன. இருபத்தாறு. என்னுடையதும் சேர்ந்து இருபத்தேழு. எழுதப்பட்ட யாப்பு என்பது மானுடத்தின் மகத்தான கண்டுபிடிப்பு என்று பக்கத்திலிருந்தவருக்கு நான் விளக்கத் தொடங்கினேன். அம்மா எழுந்து ஏதோ பிரேரணை வைத்தார். கைதூக்கச் சொன்னார்கள். புரட்சியின் வேகத்தில் நானும் தூக்கினேன். மறுபடி இருபத்தேழு. நிறைவேறியது.

பிரேரணை என்னவென்று வீட்டுக்கு வரும் வழியில் அப்பாதான் சொன்னார். ரோல்ஸ் இனிக் குடும்பத்துக்கு இல்லை, அங்கத்தவருக்கு. தலைக்கு ஐம்பது. சொந்தக் கையால் சுற்ற வேண்டும். டொக்டரின் கடிதம் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு.

"எனக்கு யூனியிலை சோதினை இருக்கு," என்றேன்.

"அதுக்கு டொக்டர் கடிதம் தரமாட்டார்," என்றார் அம்மா.

விழாவுக்கு முதல்நாள் காலை அப்பாவும் நானும் குசினி மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கிடையில் நூறு ரொட்டி, ஒரு சட்டி இறைச்சிக் கறி, ஒரு தட்டு ரஸ்க் தூள். அம்மா தலைமாட்டில் ஒரு கதிரையைப் போட்டு, கையைத் தலையணையில் வைத்திருந்தார். சுற்றி முடிந்த ஒவ்வொன்றும் அவர் முன்னால் போய்த்தான் தட்டில் ஏறியது.

"இது என்ன?"

"ரோல்ஸ்," என்றார் அப்பா.

"உங்கட இத்தாலிக் கடைக் கனலோனி. திருப்பிச் சுத்துங்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். "இதுக்கோடா நீ கையைத் தூக்கினனீ?"

என் முறை வந்தது. என்னுடையதன் இரண்டு பக்கமும் கறி வெளியே வந்துகொண்டிருந்தது. அம்மா பார்த்தார். பொறுக்க முடியாமல் அவருடைய வலது கை தலையணையிலிருந்து எழுந்து, ரொட்டியின் ஓரத்தைப் பிடித்து உள்ளே மடிக்கப் போனது. பாதி வழியில் நின்றது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தார். ஐந்தும் சொன்னபடி கேட்டன.

கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பிழை," என்றார். "அடுத்தது."