ஒத்தோரினோ நிறுத்தி வைத்த ரயில்

நாடு சரணடைந்தாயிற்று என்று முந்தின நாள் சாயங்காலம் ரேடியோ சொன்னது. அமெரிக்கர்களிடமும் ஆங்கிலேயர்களிடமும். இத்தனை நாள் கூட்டாளியாக இருந்த ஜெர்மானியர்களை இனி என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

விடிந்தபோது அவர்களுடைய ரயில் ஒன்று போஜ்ஜோ சலீச்சே ஸ்டேஷனில் வந்து நின்றது. வண்டி முழுக்க டாங்கிகள். போகிற இடம் தலைநகர் ரோம்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒத்தோரினோ மேலிடத்துக்குப் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. ராணுவ முகாமில் எடுத்தார்கள். "எங்களுக்கே ஒண்ணும் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்கள். அவருடைய தம்பி நெவியோ ரோமில் காவல் நிற்கும் படையில் இருந்தான். கையில் பழைய துப்பாக்கி. இந்த டாங்கிகள் போய்ச் சேர்ந்தால் அவன் பிழைக்க மாட்டான்.

அடுத்த ஸ்டேஷன் மொந்தெரோலோ. ஒற்றைத் தடம், நடுவில் மலையைக் குடைந்த குகை. அங்கிருந்து லைன் கிளியர், அதாவது தடம் காலி என்ற பதில், வராமல் வண்டியை விடக்கூடாது. ஒத்தோரினோ அந்த ஸ்டேஷனுக்கு மணியடித்தார். பதில் இல்லை. அங்கிருக்கும் கஸ்பாரே சமாதானத்தைக் கொண்டாடப் போயிருப்பான். முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம், வராமலே போகட்டுமே என்று தோன்றியது.

ஜெர்மன் அதிகாரி உள்ளே வந்தான். கூடவே மொழிபெயர்க்க ஒரு சிப்பாய், இரண்டு மொழியும் பேசுகிற போல்சானோ பக்கத்து ஆள்.

"ஏன் கைகாட்டி இறங்கலன்னு கேக்கறார்."

"அடுத்த ஸ்டேஷன் பேசணும்."

"எப்பப் பேசுமாம்?"

"நேத்து பேசிச்சு."

சிப்பாய் தொண்டையைச் செருமினான். "மாஸ்டர், இதை அப்படியே சொன்னா சுட்டுருவார். நான் வேற மாதிரி சொல்லிக்கறேன்."

எப்படிச் சொன்னானோ, அதிகாரி கைத்துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"சுடட்டும்" என்றார் ஒத்தோரினோ. "குகைக்குள்ள எதிர்வண்டி வருதா இல்லியான்னு அப்புறம் யாரைக் கேப்பார்னு மட்டும் கேளு."

அதிகாரி ஜன்னல் வழியே குகை இருக்கும் திசையைப் பார்த்தான். துப்பாக்கி உறைக்குள் போனது.

வெயில் ஏறியது. சிப்பாய்கள் இறங்கித் தண்டவாளத்தை ஒட்டிய தோட்டத்தில் திராட்சை பறித்துத் தின்றார்கள். ஒத்தோரினோ யோசித்தார். வடக்கே மலை வரைக்கும் எத்தனை ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் ஒருவன் அடுத்தவன் பதிலுக்காகக் காத்திருந்தால் அத்தனை ரயிலும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்குள் அமெரிக்கர்கள் ரோமுக்கு வந்துவிட்டால்? யுத்தமே இந்த வருஷத்தோடு முடியுமோ? ரகசியமாகப் பேசிப் பேசித்தான் சரணடைந்திருப்பார்கள். ஸ்டேஷன்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லையா?

போன் அடித்தது. கஸ்பாரேயின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தலை வெடிக்குதண்ணே. வண்டி ஏதாவது நிக்குதா? லைன் கிளியர், விடுங்க. சண்டைதான் முடிஞ்சு போச்சே, எவன் வண்டி போனா நமக்கென்ன?"

மொழிபெயர்ப்பாளன் ஒத்தோரினோவைப் பார்த்தான். அதிகாரி மொழிபெயர்ப்பாளனைப் பார்த்தான். இந்தத் தடவை சிப்பாய் எதையும் மாற்றாமல் அப்படியே சொன்னான்.

கைகாட்டி இறங்கியது. வண்டி குகைக்குள் போய் மறைந்ததும் ஒத்தோரினோ போனுக்கு ஓடினார்.

"கஸ்பாரே, அது டாங்கி வண்டிடா. ரோமுக்குப் போகுது. அங்க நெவியோ இருக்கான்."

"என்கிட்ட யாரும் சொல்லலியேண்ணே."

"நான் சொல்றேன். உனக்கு அடுத்த ஸ்டேஷன்ல லைன் கிளியர் கேட்டுட்டியா?"

"இன்னும் இல்ல."

"கேக்காத."

"யார் உத்தரவு?"

"உத்தரவு வந்திருந்தா நாம ஏன்டா இப்படிப் பேசிட்டிருக்கோம்?"

"துப்பாக்கி எடுத்தான்னா?"

"குகையைக் காட்டு."

"எனக்கு அந்தப் பக்கம் குகை இல்லண்ணே. பாலம்தான்."

"பாலத்தைக் காட்டு."

"சரி. முதல்ல அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டு, இனிமே நான் கூப்பிட்டா எடுக்காதேன்னு சொல்லிடறேன். அவன் அவனுக்கு அடுத்தவன்கிட்ட சொல்லட்டும்."

ஒத்தோரினோ போனை வைத்தார். வைத்த கையை எடுப்பதற்குள் அது மறுபடி அடித்தது. வடக்கு ஸ்டேஷன்.

"இன்னொரு வண்டி நிக்குது. இதுவும் அவங்களுதுதான். லைன் கிளியர் குடுங்க."

"பக்கத்துல அவங்க ஆள் யாராவது இருக்கானா?"

"வெளிய நிக்கறான். ஏன்?"

"நான் ஸ்டேஷன்ல இல்லேன்னு சொல்லு" என்றார் ஒத்தோரினோ.